தொண்டையில் பை: கழுத்தைத் திறப்பதா, வாய் வழியாகவா? மாமனாருக்கு 76 வயது

கரூர் மருமகள்:

வணக்கம். என் மாமனாருக்கு 76 வயது. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர், எங்களோடுதான் இருக்கிறார். இரண்டு வருஷமாகச் சாப்பாடு இறங்குவதில் தகராறு. முதலில் "சோறு தொண்டையில நிக்குது" என்பார், ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தால் போய்விடும். அப்புறம் தண்ணீரே சத்தம் போட ஆரம்பித்தது. டம்ளரைக் கீழே வைத்த பிறகும் கழுத்துக்குள் களக் களக் என்று கேட்கும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கே கேட்கும். ராத்திரி படுத்தால் இருமல். காலையில் தலையணை உறையை மாற்றும்போது முந்தின இரவு சாப்பிட்ட இட்லித் துணுக்கு அப்படியே கிடக்கும், வாந்தி மாதிரி புளித்த வாடைகூட இருக்காது. ஒரு நாள் சாயங்காலம் இருமும்போது காலையில் போட்ட பிரஷர் மாத்திரை வெளியே வந்து விழுந்தது. பாதிதான் கரைந்திருந்தது. அன்றைக்குத்தான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

உள்ளூரில் ஒரு டாக்டர் அசிடிட்டி என்று சொல்லி மாத்திரை மேல் மாத்திரையாகக் கொடுத்தார். இன்னொரு இடத்தில் எண்டோஸ்கோப்பி பார்க்க முயன்றார்கள். குழாய் உள்ளே போகவில்லை, "நோயாளி ஒத்துழைக்கவில்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மாமா அப்படி அடம்பிடிக்கிற ஆளே இல்லை. கடைசியில் கோயம்புத்தூரில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டர்தான் பேரியம் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். பக்கவாட்டில் எடுத்த படத்தில், முதுகெலும்புக்கு முன்னால் வெள்ளையாக ஒரு பை தொங்குகிறது. ஜென்கர் டைவர்டிகுலம், 3.5 செ.மீ. என்று ரிப்போர்ட்.

இப்போதுதான் குழப்பம். அந்த டாக்டர் கழுத்தில் இடது பக்கம் திறந்து பையை எடுத்துவிடலாம் என்கிறார். இன்னொரு ஆஸ்பத்திரியில் வயிறு, குடல் பார்க்கும் கேஸ்ட்ரோ டாக்டர், வாய் வழியாக எண்டோஸ்கோப்பிலேயே முடித்துவிடலாம், பையை எடுக்கவே வேண்டாம் என்கிறார். பையை எடுக்காமல் எப்படிச் சரியாகும் என்று எனக்குப் புரியவில்லை. கேட்டால் "அதெல்லாம் சரியாகிடும்மா" என்று எழுந்துவிட்டார்.

மாமாவுக்குச் சுகர் உண்டு. நாலு வருஷத்துக்கு முன்னால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமல் இருக்கக் குளோபிடோக்ரல் மாத்திரை சாப்பிடுகிறார். கழுத்து எலும்புத் தேய்மானம் இருப்பதால் அண்ணாந்து பார்க்க முடியாது. என் வீட்டுக்காரர், "இந்த வயசில் எதற்கு ஆபரேஷன், கஞ்சியும் கூழுமாக ஓட்டிவிடலாம்" என்கிறார். மாமாவோ இளைத்துக்கொண்டே போகிறார். விசேஷ வீடுகளில் பந்தியில் உட்கார மாட்டேன் என்கிறார், வாய் நாற்றம் அடிக்கிறது என்று பேரனைக்கூடப் பக்கத்தில் விடுவதில்லை. யாருக்காவது அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்.

பாலு, திருச்சி:

சகோதரி, எங்கள் பெரியப்பாவுக்கும் இதே மாதிரி தொண்டையில் அடைத்தது. சுக்கு, ஓமம் போட்டுக் கொதிக்கவைத்த வெந்நீரை வெறும் வயிற்றில் குடிக்கச் சொன்னோம், கேட்டது. 76 வயதில் கத்தி வைப்பது ரிஸ்க். உங்கள் வீட்டுக்காரர் சொல்வதுதான் சரி என்று எனக்குப் படுகிறது.

மயக்கமருந்து அம்மா:

கரூர் மருமகளுக்கு. நான் மயக்கமருந்து டாக்டர், ஓய்வு பெற்றுவிட்டேன். கத்தியும் என் கையில் இல்லை, எண்டோஸ்கோப்பும் இல்லை. நோயாளியின் தலைமாட்டில் நின்று இரண்டு தரப்பார் வேலை செய்வதையும் பார்த்தவள். அதனால் எந்தக் கட்சியும் இல்லாமல் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் பாலு தம்பிக்கு ஒரு வார்த்தை. பெரியப்பாவுக்கு வந்தது வேறு ஏதோ, அது தானாகவே போயிருக்கும். இது அப்படிப் போகிற சங்கதி இல்லை. பேரியம் படத்தில் பை தெரிந்துவிட்டது. ஓம வெந்நீர் போய்ப் பையில்தான் தங்கும்.

விழுங்கும்போது தொண்டையின் அடியில், உணவுக்குழாய் ஆரம்பிக்கும் இடத்தில், குறுக்காக ஓடும் ஒரு தசை தளர்ந்து வழிவிட வேண்டும். கிரிகோஃபாரிஞ்சியஸ் என்று பெயர். வயது ஏற ஏற அது விறைத்துப்போய் முழுசாகத் திறப்பதில்லை. மேலே இருக்கும் தசைகளோ வழக்கம்போலத் தள்ளுகின்றன. அந்த அழுத்தம் எங்கே போகும்? கிரிகோஃபாரிஞ்சியஸுக்குச் சற்று மேலே, பின்சுவரில், தசைநார்கள் விலகி நிற்கும் ஒரு முக்கோணம் உண்டு. கில்லியன் என்ற ஜெர்மானிய டாக்டர் பெயரால் அதைச் சொல்வோம். அந்தப் பலவீனமான இடத்தின் வழியாக உள்சவ்வு பின்னால் பிதுங்கிப் பையாகிறது. பை வளர வளர உணவுக்குழாயை முன்னால் நெருக்கிவிட்டு, தானே நேர்வழியாக ஆகிவிடும். சாப்பாடு முதலில் பைக்குள்தான் இறங்கும். வயிற்றையே எட்டாததால்தான் தலையணையில் கிடந்த இட்லியில் புளிப்பு இல்லை. அந்த மாத்திரையும் அப்படித்தான். உங்கள் மாமாவுக்குச் சுகரும் பிரஷரும் ஏறி இறங்கினால், மருந்தை மாற்றுவதற்கு முன்னால் மருந்து உள்ளே போகிறதா என்று பாருங்கள்.

அந்த எண்டோஸ்கோப்பி முடியாமல் போனதற்கும் இதுதான் காரணமாக இருக்கும். கண்மூடித்தனமாகத் தள்ளினால் குழாய் பைக்குள் போய் முட்டும். பையின் சுவரில் தசை கிடையாது, வெறும் சவ்வு, ஓட்டை விழுந்துவிடும். அன்றைக்கு விட்டுவிட்டது நல்லதாயிற்று. இனி எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், வேறு எந்த வியாதிக்குப் போனாலும், மூக்கு வழியே குழாய் போடுகிறவரிடம் "தொண்டையில் பை இருக்கிறது" என்று முதலில் சொல்லிவிடுங்கள்.

இப்போது உங்கள் கேள்வி. பையை எடுக்காமல் எப்படிச் சரியாகும்? கோளாறு பையில் இல்லை, அந்தத் தசையில். தசையை வெட்டித் தளர்த்தாமல் பையை மட்டும் எடுத்தால் கொஞ்ச காலத்தில் இன்னொரு பை வரும். எடுத்த இடத்தில் தையல் விட்டுப்போகவும் வாய்ப்பு அதிகம், ஏனென்றால் கீழே அடைப்பு அப்படியே இருக்கிறது. அதனால் கழுத்து வழியாகப் போனாலும் சரி, வாய் வழியாகப் போனாலும் சரி, வெட்டப்பட வேண்டியது அதே தசைதான். பைக்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே நிற்கும் தடுப்புக்குள்ளேதான் அந்தத் தசை இருக்கிறது. வாய் வழியாகப் போகிறவர் அந்தத் தடுப்பை மேலிருந்து கீழாக வெட்டிவிடுகிறார். நடுச்சுவரை இடித்து இரண்டு அறையை ஒரே கூடமாக்குவது போல. பை அங்கேயேதான் இருக்கும், ஆனால் சாப்பாடு தேங்குவதற்கு அதில் குழி இருக்காது, வழிந்து உணவுக்குழாய்க்குள் போய்விடும். பிறகு பேரியம் எடுத்தால் கொஞ்சம் பை தெரியத்தான் செய்யும். படத்தைப் பார்த்து மிரள வேண்டாம், விழுங்க முடிகிறதா என்பதுதான் கணக்கு.

கழுத்து வழியே என்றால், இடது பக்கம் கீறி, பெரிய ரத்தக்குழாய்களை ஒதுக்கிப் பையைத் தேடிப் போவார்கள். தசையை நீளவாக்கில் சில செ.மீ. வெட்டுவார்கள். பை சிறியதாக இருந்தால் அதோடு விட்டுவிடலாம். நடுத்தரமாக இருந்தால் தலைகீழாகத் திருப்பி முதுகெலும்பு முன்னுள்ள உறையோடு தைத்துவிடுவது உண்டு, வாய் கீழே பார்த்தால் எதுவும் தங்காது. பெரிதென்றால் அறுத்து எடுப்பார்கள். இந்த வழியில் திரும்ப வருவது குறைவு. ஆனால் குரல்நாணுக்குப் போகும் நரம்பு அந்தப் பக்கமாகத்தான் ஓடுகிறது. அது இழுபட்டால் குரல் கம்மும், அறுபட்டால் நிரந்தரம். தையல் கசிந்தால் கழுத்திலோ நெஞ்சுக்கூட்டிலோ சீழ் பிடிக்கும். ஆஸ்பத்திரியில் தங்குவதும் கூடுதல்.

வாய் வழியில் இரண்டு தினுசு இருக்கிறது, இதைத்தான் யாரும் பிரித்துச் சொல்வதில்லை. ஒன்று, விறைப்பான உலோகக் குழாயை வைத்து காது மூக்கு தொண்டை டாக்டர்கள் செய்வது. அதன் ஒரு உதடு பைக்குள்ளும் மறு உதடு உணவுக்குழாய்க்குள்ளும் நிற்கும், நடுவில் தடுப்பு தெரியும். அதில் ஸ்டேப்லரை வைத்து அழுத்தினால் இரு பக்கமும் பின் வரிசை இறங்கி நடுவே வெட்டும். லேசரிலும் வெட்டுவார்கள். சுத்தமான வேலை, சீக்கிரம் முடியும். ஆனால் வாய் நன்றாகத் திறக்க வேண்டும், கழுத்து பின்னால் வளைய வேண்டும். ஸ்டேப்லர் தன் நுனி வரைக்கும் வெட்டாது, அதனால் 3 செ.மீ.க்குக் குறைந்த பையில் அடியில் தடுப்பு மிச்சம் நின்றுவிடும். உங்கள் மாமாவுக்கு அளவு பொருந்துகிறது, கழுத்துதான் இடிக்கிறது. அண்ணாந்து பார்க்க முடியாதவருக்கு அந்தக் குழாய் உட்காருவது கஷ்டம். வம்புக்குத் தள்ளினால் முன்பல் போகும், அதைவிட மோசமாகத் தொண்டைச் சவ்வும் கிழியும்.

இன்னொன்று, கேஸ்ட்ரோ டாக்டர் சொன்ன வளையும் எண்டோஸ்கோப். இதற்குக் கழுத்து வளைய வேண்டியதில்லை. உணவுக்குழாய்க்குள் ஒரு கம்பியோ குழாயோ விட்டு வழியை அடையாளம் வைத்துக்கொண்டு, நுனியில் ஒளிபுகும் மூடி போட்ட எண்டோஸ்கோப்பால் தடுப்பைப் பார்த்து, மின்கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தசையை வெட்டி, அடியில் கிளிப் போடுவார்கள். சிறிய பைக்கும் ஆகும். குறை என்னவென்றால், பத்தில் ஒருவர் இருவருக்குத் திரும்ப வரலாம். பயந்து குறைவாக வெட்டினால் மிச்சம் நிற்கும், துணிந்து அதிகம் வெட்டினால் நெஞ்சுக்கூட்டுக்குள் ஓட்டை. திரும்ப வந்தால் மறுபடியும் அதே வழியில் செய்யலாம் என்பது ஆறுதல். சவ்வுக்கு அடியில் சுரங்கம் போட்டுத் தசையை முழுசாகப் பார்த்து வெட்டும் முறையும் 2016 முதல் இருக்கிறது.

இந்த வாய்–கழுத்துச் சண்டை உங்கள் மாமாவோடு தொடங்கியதில்லை. பிரிஸ்டலில் லட்லோ என்ற சர்ஜன் இந்தப் பையைப் பற்றி எழுதியது 1769இல் அச்சானது. ஜென்கரும் ஜீம்சனும் ஜெர்மனியில் 1877இல் தொகுத்து எழுதியதால் ஜென்கர் பெயர் ஒட்டிக்கொண்டது, லட்லோவை எல்லோரும் மறந்துவிட்டார்கள். 1917இல் பாஸ்டனில் மோஷர் என்பவர் வாய் வழியாகத் தடுப்பை வெட்டிப் பார்த்தார். ஒரு நோயாளி நெஞ்சுக்கூட்டில் சீழ் பிடித்து இறந்துபோனதும் அந்த முறையையே கைவிட்டார். ஆண்டிபயாடிக் இல்லாத காலம். ஸ்வீடனில் டோல்மன் 1960இல் மின்சூட்டால் வெட்டிக் காட்டிய பிறகுதான் வாய் வழிக்கு மறுபடி மரியாதை வந்தது. ஸ்டேப்லர் 1993இல், வளையும் எண்டோஸ்கோப் 1995இல். உங்கள் இரண்டு டாக்டர்களும் தத்தம் கைக்குப் பழகியதைச் சொல்கிறார்கள், பொய் சொல்லவில்லை.

உங்கள் வீட்டுக்காரருக்கும் சொல்லுங்கள். அறிகுறியே இல்லாத சின்னப் பையை விட்டுவைக்கலாம், அதற்கு யாரும் கத்தி எடுக்கத் தேவையில்லை. ராத்திரி இருமுகிறவர், இளைக்கிறவர் என்றால் கதை வேறு. பையில் தேங்கியது மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் நிமோனியா. கஞ்சியும் தேங்கத்தான் செய்யும்.

கரூர் மருமகள்:

டாக்டர் அம்மா, ரொம்ப நன்றி. வீட்டுக்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன், "சரி, போய்ப் பேசுவோம்" என்று இறங்கி வந்திருக்கிறார். இரண்டு சந்தேகம். குளோபிடோக்ரலை நாங்களே நிறுத்திவிட்டுப் போகலாமா? மாமா பயப்படுவது மயக்க ஊசிக்குத்தான், "தூங்கினவன் எந்திரிக்கலைன்னா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

பழைய ஓட்டுநர், திண்டுக்கல்:

அம்மா சொன்னதை நான் அனுபவித்தவன், அதனால் எழுதுகிறேன். எனக்கு 71. பஸ் ஓட்டிக் கழுத்து தேய்ந்துபோன ஆள். வாய் வழியாக ஸ்டேப்லர் என்று சொல்லித்தான் உள்ளே கொண்டுபோனார்கள். முடியாவிட்டால் கழுத்தைத் திறப்போம் என்று முந்தின நாளே சொல்லி, இரண்டுக்கும் சேர்த்துக் கையெழுத்து வாங்கினார்கள். என் மகள்தான் "அதெதுக்கு ரெண்டுக்கும்?" என்று சண்டை போட்டாள். கண் விழித்தால் கழுத்தில் பிளாஸ்திரி, பக்கத்தில் ஒரு சின்ன டியூப், மூக்கில் ஒரு குழாய். வாய் வழியாக விட்ட உலோகக் குழாய் உட்காரவே இல்லையாம், கழுத்து பின்னால் வளையவில்லையாம். அந்தக் கையெழுத்து இல்லாமல் இருந்திருந்தால் மறுபடி ஒரு நாள் மயக்கம் வாங்கிப் படுத்திருக்க வேண்டும்.

குரல் கம்மிவிட்டது. செல்போனில் பேசினால் யார் என்று என் தம்பிக்கே தெரியவில்லை. நரம்பு இழுபட்டிருக்கு, வரும் என்றார்கள். மெதுவாக வந்தது, மேல்ஸ்தாயிதான் இன்னும் சரியில்லை, பஜனையில் இப்போது ஜால்ராவோடு நிறுத்திக்கொள்கிறேன். மூக்குக் குழாயை எடுப்பதற்கு முன் ஏதோ மருந்தைக் குடிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள், கசிவு இல்லை என்று தெரிந்த பிறகுதான் தண்ணீர். அதுவரை ஒரு சொட்டு கிடையாது, பஞ்சை நனைத்து உதட்டைத் துடைத்தாள் நர்ஸம்மா. முதல் டம்ளர் தண்ணீர் சத்தமில்லாமல் இறங்கியது. இப்போது பரோட்டா சாப்பிடுகிறேன், சால்னா ஊற்றி ஊறவைத்துத்தான்.

உங்கள் மாமாவிடம் என்னோடு பேசச் சொல்லுங்கள். என் கழுத்தில் தழும்பு எங்கே என்று பேரப்பிள்ளைகள் தேட வேண்டியிருக்கிறது, கழுத்து மடிப்பிலேயே போட்டிருக்கிறார்கள்.

மயக்கமருந்து அம்மா:

ஓட்டுநர் ஐயா, அந்த இரட்டைக் கையெழுத்து விஷயத்தைச் சொன்னதற்கு நன்றி. விறைப்புக் குழாயில் இது அடிக்கடி நடக்கும், தோல்வி இல்லை.

கரூர் மருமகளே, குளோபிடோக்ரலை நீங்களாக நிறுத்தாதீர்கள். சாதாரணமாக 5 முதல் 7 நாள் முன்னால் நிறுத்துவார்கள். ஆனால் ஸ்டென்ட் வைத்தவருக்கு அதை முடிவு செய்ய வேண்டியவர் இதய டாக்டர். நாலு வருஷம் ஆகிவிட்டதால் பெரும்பாலும் சம்மதிப்பார், பதிலுக்கு ஆஸ்பிரின் தொடரச் சொல்லலாம். வாயால் சொன்னால் போதாது, தேதி போட்டு எழுதி வாங்குங்கள். சுகர் மாத்திரையையும் அன்றைக்கு எதைப் போடுவது, எதை விடுவது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மயக்கம் பற்றி உங்கள் மாமா கேட்டது நியாயமான கேள்வி, நான் பயப்படுவதும் அங்கேதான். மற்றவர்களுக்கு ராத்திரி முதல் பட்டினி இருந்தால் வயிறு காலி. இவருக்கு வயிறு காலியாக இருக்கும், பையில் முந்தாநாள் சோறு இருக்கும். படுக்கவைத்து மயக்கம் கொடுத்ததும் அது நேராக மூச்சுக்குழாய்க்குள் போகலாம். அதனால் ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே தெளிந்த திரவமாக மட்டும் கொடுக்கச் சொல்வார்கள், சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள். தியேட்டருக்குப் போகும் முன் உட்காரவைத்து, அவரே கழுத்தை அழுத்திப் பையைக் காலி செய்துகொள்ளட்டும். இத்தனை நாளில் எங்கே அழுத்தினால் வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். வயிறு நிறைந்த நோயாளிக்கு மயக்கம் கொடுக்கும்போது நாங்கள் கழுத்தின் முன்பக்கம் குருத்தெலும்பை அழுத்திப் பிடிப்பது பழைய பழக்கம். இந்தப் பை உள்ளவருக்கு அப்படி அழுத்தினால் பையைப் பிழிந்து மேலே ஏற்றிவிடும். தலையை உயர்த்தி வைத்துத்தான் மயக்கம் கொடுப்பார்கள். மயக்கமருந்து டாக்டர் முந்தின நாள் பார்க்க வரும்போது "ஜென்கர் பை" என்று நீங்களே ஒரு தரம் சொல்லிவிடுங்கள், நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

என்னைக் கேட்டால், கழுத்து வளையாத, ஸ்டென்ட் வைத்த இவருக்கு முதலில் வளையும் எண்டோஸ்கோப்பைத்தான் யோசிப்பேன், அதைத் தொடர்ந்து செய்கிற கை கிடைத்தால். அந்தக் கேஸ்ட்ரோ டாக்டரிடம் பையின் அளவையெல்லாம் கேட்க வேண்டாம். இதை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார், ஓட்டை விழுந்தால் அதே ஆஸ்பத்திரியில் நெஞ்சு சர்ஜன் இருக்கிறாரா என்று கேளுங்கள். நேரடியாகப் பதில் சொல்கிறவரிடம் போங்கள். "அதெல்லாம் சரியாகிடும்மா" என்று எழுந்து போனால், கழுத்தைத் திறந்து பழகிய கோயம்புத்தூர்க்காரரே மேல்.

செய்த பிறகு காய்ச்சல், நெஞ்சிலோ முதுகிலோ வலி, மூச்சுத் திணறல், கழுத்து உப்பித் தொட்டால் நறநறவென்று இருப்பது, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த நறநறப்பு தோலுக்கடியில் காற்று.

கரூர் மருமகள்:

இதய டாக்டரிடம் எழுதி வாங்கிவிட்டோம். கேஸ்ட்ரோ டாக்டரிடம் இந்த முறை நேராகவே கேட்டேன். கொஞ்சம் முறைத்தார், அப்புறம் உட்கார்ந்து, படம் போட்டு, நெஞ்சு சர்ஜன் பெயரையும் சொன்னார். அடுத்த வாரம் அட்மிஷன். ஓட்டுநர் ஐயா, மாமா உங்களோடு பேச வேண்டும் என்கிறார். தனிச்செய்தியில் வருகிறேன்.

அம்மா, கடைசியாக ஒன்று. அதுவரை மாத்திரைகளைப் பொடித்துக் கொடுக்கலாமா?

மயக்கமருந்து அம்மா:

எல்லாவற்றையும் பொடிக்காதீர்கள். மெதுவாகக் கரையும்படி செய்த சுகர், பிரஷர் மாத்திரைகளைப் பொடித்தால் மொத்தமும் ஒரேயடியாக உள்ளே இறங்கும். மாத்திரை அட்டைகளை மருந்துக்கடைக்கு எடுத்துப்போய் எதைப் பொடிக்கலாம், எதற்கு சிரப் இருக்கிறது என்று பிரித்துக் கேளுங்கள், பிறகு டாக்டரிடம் மாற்றி எழுதி வாங்குங்கள். பொட்டாசியம், எலும்புக்கான வார மாத்திரை, டாக்ஸிசைக்ளின் என்ற ஆண்டிபயாடிக் ஏதாவது இருந்தால் இப்போதைக்கு வேண்டுமா என்று கேளுங்கள், பையில் தங்கினால் சவ்வைப் புண்ணாக்கும். ராத்திரிச் சாப்பாட்டை ஏழு மணிக்குள் முடித்து, பையை அழுத்திக் காலி செய்துவிட்டு, தலைமாட்டை உயர்த்திப் படுக்கவையுங்கள். அட்மிஷனுக்குப் போகும்போது பேரியம் ரிப்போர்ட் மட்டும் போதாது, படம் இருக்கும் சி.டி.யையும் கொண்டுபோங்கள்.